சித்தேரிச் சுற்றுப்பாதை

மேற்குத் தாம்பரம்
27 நவம்பர் 2005

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மெஹ்னாஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாஜித் தம்பி லீவு முடிந்து ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் கொடுத்திருக்கிறேன். ஊறுகாய் பாட்டிலைத் திறந்த கையோடு ரூமில் இருக்கிற அத்தனை பேருக்கும் வாரிக் கொடுத்து வள்ளல் பட்டம் வாங்க வேண்டாம். கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு படியுங்கள். நீங்கள் படித்து முடிக்கும் வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று வாஜித்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். டீ வாங்கி வா, சிகரெட் வாங்கி வா என்று அவரை விரட்டிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு உண்மை வாயில் வருவதில்லை. நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதத்தில் நீங்கள் இடையில் புகுந்து பேச முடியாது, அதனால்தான்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிவியில் தாம்பரத்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டீர்கள். வாசல் வரை வந்து போய்விட்டது என்றேன். வாசல் வரை இல்லை மச்சான், வீட்டுக்குள் இடுப்பு வரை வந்தது. கட்டில், பீரோ, இந்த லீவில் நீங்கள் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்த மிக்சி எல்லாம் ஊறிப்போய்விட்டன. மார்ச்சில் நீங்கள் ஒரேயடியாக ஊருக்கு வரப்போகிறீர்கள் என்று வெள்ளையடித்து வைத்திருந்த முன்னறைச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. தேய்த்தால் சுண்ணாம்புதான் உரிகிறது, கோடு போகவில்லை. மெஹ்னாஸ் மாடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். அத்தாவிடம் எதையும் உளறக் கூடாது என்று நான் போட்ட உத்தரவுக்குப் பயந்துதான் உங்களோடு போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஏரிக்கரைப் பாதை. பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பாதையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பாதை எப்படிக் கீது, ஜனங்க நடக்கிறாங்களா, கல்லு ஏதும் பேந்துச்சா என்று. நன்றாக இருக்கிறது என்று ஒரு மாசமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதை இப்போது இல்லை. கலங்கல் பக்கம் அடியோடு போய்விட்டது. மிச்ச இடத்தில் கற்கள் பெயர்ந்து, பெஞ்சு கவிழ்ந்து, முள்வேலி எல்லாம் ஏரிக்குள் கிடக்கிறது.

அந்தப் பாதைக்கு நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அங்கே ஷார்ஜாவில் கடற்கரை ஓரமாக யார் யாரோ காற்று வாங்கி நடப்பதற்குக் கல் பதித்துப் பதித்தே உங்கள் முட்டி தேய்ந்தது. ஊரான் நடக்க நான் பாதை போடுகிறேன், என் பெண்டாட்டி நடக்க ஓரடி இடம் இல்லை என்று ஒவ்வொரு லீவிலும் புலம்புவீர்கள். எனக்குச் சர்க்கரை என்று சொல்லி டாக்டர் தினமும் நடக்கச் சொன்னபோது, எங்கே நடப்பது, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கு நடுவிலா என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. மே மாசம் வந்து இறங்கிய மறுநாளே டேப்பைத் தூக்கிக்கொண்டு சித்தேரிக் கரைக்குப் போய்விட்டீர்கள். கூடவே சவுரி அண்ணன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்ட சிநேகம், நீங்கள் ஊரில் இருந்தால் அவருக்குப் பைப் வேலையும் மறந்துவிடும், கீழ்த் தெருவில் தனக்கு ஒரு வீடு இருப்பதும் மறந்துவிடும். அவர் பெண்டாட்டி அருள்மேரி சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கரைக்கே வந்து திட்டிவிட்டுப் போவாள். அவள் திட்டும்போது நீங்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள்.

நகர் சங்கத்துக் கூட்டத்தில் எத்தனை கூத்து. பெஞ்சு ஏரியைப் பார்த்துப் போடுவதா தெருவைப் பார்த்துப் போடுவதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. வேலி போட்டால் என் எருமை எந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்கும், நீங்க நடந்து இளைக்கணும்னா அது தாகத்துல சாவணுமா என்று காமு வேறு வந்து கத்தியாயிற்று. கடைசியில் எருமைக்கும் ஒரு வாசல் விட்டீர்கள். எதிலும் ஒத்துப்போகாத கூட்டம் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது. அதுதான் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து கால்வாய்க்குப் போகட்டும் என்று அந்தக் காலத்தில் கரையைத் தாழ்த்திக் கல் கட்டி விட்ட இடம். அங்கே வந்ததும் நடப்பவர்கள் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், முடியாதவர்கள் திரும்ப வேண்டும். தினமும் கோயிலைச் சுற்றுகிற ஸ்ரீநிவாசராகவன் சார், பாதியில் திரும்பினால் அது சுற்றே இல்லை, வந்த வழியே திரும்புவது மனசுக்கு ஒப்பவில்லை என்றார். நீங்கள் உம்ரா போய்க் காபாவைச் சுற்றி வந்த சூட்டில், சுற்று என்றால் தொடங்கின இடத்தில்தான் முடியணும் என்றீர்கள். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிற சவுரி அண்ணனும், நடையில் நடுவே நின்றால் கால் கட்டிக்கொள்ளும் என்று சேர்ந்துகொண்டார். மூன்று மதமும் கைகோத்துச் செய்த காரியம் நம் நகரிலேயே இது ஒன்றுதான் என்று நான் கேலி செய்தேன். நீங்கள் என் முழங்காலைப் பார்த்தீர்கள். இவளால் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏற முடியாது என்று நினைத்தது உங்கள் முகத்தில் தெரிந்தது.

பாலம் போடலாம் என்றார்கள். அனுமதி, எஸ்டிமேட் என்று அது இழுக்கும், அதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும். இரண்டு சிமெண்டுக் குழாயை அடியில் வைத்து மேலே மண்ணடித்துக் கல் பதித்துவிட்டால் போதும் என்று முடிவானது. படம் நீங்கள் போட்டீர்கள், குழாயைச் சவுரி அண்ணன் வைத்தார், கையெழுத்து எல்லோரும் போட்டார்கள். மழை யார் நினைப்பிலும் இல்லை. நாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டிருந்தோம், ஏரிக்குள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஏரி நிரம்பி வழியும் என்று அப்போது எவனாவது சொல்லியிருந்தால் அவன் வாயில் சர்க்கரை போட்டிருப்போம். நீங்கள் பாதை போடக் கற்றுக்கொண்ட ஊரிலும் மழை கிடையாது.

உண்மையைச் சொல்ல வேண்டும், பாதை நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் வேலை முடிந்தது, சுதந்திர தினத்தன்று ரிப்பன் கட்டித் திறந்தார்கள். நீங்கள் முழுசாக ஒரு சுற்றுக் கூட நடக்கவில்லை. நானும் அருள்மேரியும் பஜ்ரு தொழுகை முடிந்து விடிகிற வெளிச்சத்தில் கிளம்புவோம். நான் புர்காவில், அவள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு. வேலை ஒன்றும் இல்லாமல் பெண்கள் சும்மா நடப்பதை இந்த ஊர் அப்போதுதான் பார்த்தது. கலங்கல் மேல் வரும்போது, பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை பார், இவரு கை பட்ட வேலை என்று தினமும் ஒரு தடவை பீற்றிக்கொள்வாள். சர்க்கரை இறங்கியது. நான் சந்தோஷமாக இருந்தேன். உங்கள் கல்யாணப் பரிசான சேலைக்குக் கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். வாஜித் பக்கத்தில்தானே இருக்கிறார்?

நோன்பின் கடைசிப் பத்து நாள் நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் பிடித்த மழை விடவேயில்லை. மேலே இருக்கிற ஏரிகள் எல்லாம் நிரம்பி அந்தத் தண்ணீரும் சித்தேரிக்கு வந்துவிட்டது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் போய் இரண்டு குழாயின் வாயையும் அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத தண்ணீர் ஒரு பக்கம் நம் தெருவுக்குள் ஏறியது, இன்னொரு பக்கம் கரையை முட்டியது. கரைக்குப் பின்னால் பள்ளத்தில் கீழ்த் தெரு. கரை உடைந்தால் கீழ்த் தெருவே இருக்காது. கலங்கல் மேல் போட்ட பாதையை வெட்டுங்கள் என்று ஒரு கூட்டம் கத்தியது. அதிகாரிகள் வரட்டும், நாமாக வெட்டினால் கேஸ் ஆகும் என்று ஸ்ரீநிவாசராகவன் சார் தடுத்துக்கொண்டிருந்தார். சவுரி அண்ணன் அருள்மேரியைக் கொண்டுவந்து நம் வீட்டு மாடியில் விட்டார். குழாய் வாய் எங்கே இருக்கிறது என்று வைத்தவனுக்குத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுக் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நோன்பு திறப்பதற்குள் வந்துவிடுவேன், கஞ்சியில் எனக்கும் எடுத்து வை தங்கச்சி என்று என்னிடம் சொன்னார். வருஷா வருஷம் நோன்பே பிடிக்காமல் நோன்புக் கஞ்சிக்கு முதல் ஆளாய் வருகிற மனுஷன்.

அவரும் இன்னும் சிலரும் அடைப்பை இழுத்துப் போட்டார்களாம். அடைப்பு எடுபட்டதும் தண்ணீர் குழாயோடு நிற்கவில்லை. மேலே இருந்த மண்ணையும் கல்லையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் ஓரத்தில் நின்றதால் தப்பினார்கள். அவர் அதன் மேலேயே நின்றிருந்தார்.

மச்சான், சவுரி அண்ணன் இறந்துவிட்டார். கரை உடையவில்லை, கீழ்த் தெரு பிழைத்தது. அவர் மட்டும் மறுநாள் கால்வாய் வளைவில் கருவேல முள்ளில் கிடைத்தார்.

அந்த நேரத்தில் அருள்மேரி மாடியில் உட்கார்ந்து எனக்குக் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் தண்ணீரில் நடந்து வந்து நம் வாசலில் நின்றார்கள். ஒருவரும் மேலே ஏறி வரவில்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே இருந்த யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சர்ச் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நம் பள்ளிவாசல் ஆட்களும் தோள் கொடுத்தார்கள். உங்கள் இடத்தில் வாஜித் நின்றார். அவரிடம் கேளுங்கள், எல்லாம் சொல்வார். நான் கேட்டுக்கொண்டதால்தான் அவரும் போனில் உங்களிடம் வாயைத் திறக்கவில்லை, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெருநாள் அன்று கூப்பிட்டு எப்போதும் போல அவன்கிட்ட குடு என்றீர்கள். பிரியாணி தின்ன வந்து உட்கார்ந்திருப்பானே என்றீர்கள். வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார் என்றேன். இந்த மழையிலா என்றீர்கள். வேண்டுதல் என்றேன். பெருநாளும் அதுவுமாய் அப்படி ஒரு பொய் சொல்லிவிட்டு அன்று முழுக்க என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அவருடைய செல்போனுக்கு நீங்கள் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று தெரியும். அது தண்ணீரோடு போய்விட்டது.

ஊர் என்ன பேசுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம். சவுரி அண்ணனுக்குத் தெருமுனையில் பேனர் வைத்திருக்கிறார்கள். பாதைத் தொடக்கத்தில் 'திட்டம்: அயூப்' என்று உங்கள் பேர் வெட்டின கல்லில் யாரோ தாரைப் பூசிவிட்டார்கள். அன்று கையெழுத்துப் போட்ட ஒருவருக்கும் இப்போது அது நினைவில் இல்லை. துபாய்க்காரன் பவிசு காட்டப் போய் ஒரு உசிரு போச்சு என்கிறார்கள். துபாய் இல்லை ஷார்ஜா என்று திருத்தக் கூட எனக்கு வாய் வரவில்லை. ஸ்ரீநிவாசராகவன் சார் நாவலூரில் மகள் பிளாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் ஊர் பேசுவதை நான் தாங்கிக்கொள்வேன் மச்சான், வெறும் வாய்தானே, வேறு வம்பு கிடைத்தால் இதை விட்டுவிடும். நான் இதை எழுதுவது ஊருக்காக இல்லை.

போன வாரம் அருள்மேரியிடம் பேசினேன். மார்ச்சில் நீங்கள் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்ல சித்திகா. ரெண்டு பேரும் சேந்துகினுதான் செஞ்சாங்க. ஆனா அவரு தெருவுல நடந்து வந்தாருன்னா, பக்கத்துல இவரு வராரான்னு என் கண்ணு தேடும். தெனமும் தேடும். அத்த என்னால தாங்க முடியாது. அவர வர வேணாம்னு சொல்லு."

அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டு, நாளாக ஆக ஆறும் என்று காத்திருப்பேன். இதற்குச் சரி என்றுதான் சொன்னேன்.

வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போய்விடலாம் என்றும் யோசித்துப் பார்த்தேன். கூடுவாஞ்சேரியில் மனை பார்க்கலாம் என்று புரோக்கர் தனக்கோடியைக் கூப்பிட்டேன். அவர் முன்னறைச் சுவரைப் பார்த்துவிட்டு உட்காரக் கூட இல்லை, ஏரி புகுந்த வீட்டை இப்போது எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விலை போனாலும் என்னால் போக முடியுமா என்று தெரியவில்லை. அருள்மேரிக்குப் பிள்ளை குட்டி இல்லை, போக்கிடமும் இல்லை. தினமும் சாயங்காலம் நம் மாடிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பேசுவதில்லை. நான் துணி மடிப்பேன், கீரை ஆய்வேன், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இருட்டியதும் எழுந்து போவாள். அந்த வீட்டில் நீங்கள் இருந்தால் அவள் எங்கே போய் உட்காருவாள்? எங்களை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள் என்றும் கேட்க மாட்டேன். குடும்ப விசாவுக்கு உங்கள் சம்பளம் எட்டாது என்று எனக்குத் தெரியும்.

அதனால் மச்சான், மார்ச்சோடு விடுவியுங்கள் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருப்பதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசாவைப் புதுப்பித்துவிடுங்கள். அதற்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கல்யாணமான நாள் முதல் எப்போது வருவீர்கள், எப்போது வருவீர்கள் என்பதைத் தவிர வேறு எதையும் உங்களுக்கு எழுதாதவள் நான். சம்பாதித்தது போதும், இனிமேல் புதுப்பித்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று போன வருஷம் அழுது சண்டை போட்டவளும் நான்தான். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். இப்போது இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்க்கலாம் என்று நேற்று உட்கார்ந்தேன், பயந்துபோய் விட்டுவிட்டேன்.

உங்களால்தான் அவர் போனார் என்று நான் நினைக்கவில்லை. இதை இரண்டு தடவை படியுங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டு உட்காருவீர்கள், எனக்குத் தெரியும். சவுரி அண்ணனுக்காக அழ வேண்டும் என்றால் வாஜித்துக்கு முன்னால் வெட்கப்படாமல் அழுங்கள். வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள், பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து நல்ல இடம் கொடுக்கட்டும். உங்கள் கூடவும் அவன் இருக்கட்டும், நான் இருக்க முடியாத இடத்தில் எல்லாம் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள், எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். மழையைப் பற்றிப் பேசுங்கள், மெஹ்னாஸ் படிப்பைப் பற்றிப் பேசுங்கள், என்னைத் திட்டுவதென்றாலும் திட்டுங்கள். வரட்டுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் குரலில் அதைக் கேட்டால் நான் வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

உங்கள்
சித்திகா